தொடக்கப் பந்து

மதுரைப் பக்கத்தில் ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால் அதை யார் செய்வது என்று யாரும் கேட்பதில்லை. யார் தொடங்கி வைப்பது என்றுதான் கேட்பார்கள். அது முடிவாகிவிட்டால் காரியம் பாதி முடிந்த மாதிரி. மீதிப் பாதி நடக்காமலே போனாலும் குறை சொல்ல ஆள் இருக்காது. கோச்சடையில் வைகைக்கரையை ஒட்டி இருக்கும் குட்டி கோல்ஃப் கழகத்தில் அந்த மீதிப் பாதிக்காக மூன்று நாள் காத்துக் கிடந்தவள் ஒச்சம்மாள்.

ஒச்சம்மாள் கழகத்தின் புல்லைப் பார்த்துக்கொள்பவள். பேரையூர்ப் பக்கம் அடுத்தவர் காட்டில் களையெடுத்துப் பழகிய கை. மற்ற ஊர்களில் பச்சைப் பிளாஸ்டிக் விரிப்பை விரித்து அதன்மேல் பந்தை உருட்டுகிறார்கள். இங்கே அப்படியில்லை. 'மாநிலத்தின் ஒரே இயற்கைப் புல்தரைக் குட்டி கோல்ஃப் மைதானம்' என்று வாசலில் பலகை இருக்கிறது. அசல் அருகம்புல், ஒன்பது குழி. புல் ஒரு நெல்லளவு கூடினால் பந்து நின்றுவிடும், குறைந்தால் ஓடிவிடும். தினமும் விடிந்ததும் வெட்டி, உருளை ஓட்டி, கோரையைக் கிள்ளியெறிந்து, கடைசியில் பந்தை உருட்டிப் பார்க்க வேண்டும். இந்த உருட்டிப் பார்க்கிற வேலையை மகள் தமிழ்வாணி ஆறாம் வகுப்பிலேயே எடுத்துக்கொண்டாள். ஈரத்தில் பந்து எப்படிப் போகும், உச்சி வெயிலில் எப்படிப் போகும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பதினைந்து அடி தூரத்திலிருந்து அடித்தால் பத்துக்கு ஒன்பது குழிக்குள் விழும்.

கழகத்து உறுப்பினர்கள் ஆடுவதில்லை. கூட்டம் நடத்தவே அவர்களுக்குப் பொழுது சரியாக இருந்தது. தலைவர் விஸ்வேஸ்வரன் பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். செயலாளர் அனந்தபத்மநாபன் இன்னும் ஓய்வு பெறவில்லை, ஆனால் அவர் அலுவலகத்தில் அந்த வித்தியாசத்தை யாரும் கண்டுபிடித்ததில்லை. இருவரும் மைதானத்துக்கு வந்தால் புல்லின்மேல் கால் வைக்காமல் ஓரமாகவே நடப்பார்கள். அதை ஒச்சம்மாள் நெடுநாள் மரியாதை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தமிழ்வாணிக்கு வேளாண்மை படிக்க ஆசை. மதிப்பெண்ணில் நாலு குறைந்துவிட்டது. விளையாட்டு ஒதுக்கீட்டில் போனால் இடம் நிச்சயம், மாநிலப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்த சர்டிபிகேட் வேண்டும் என்று கம்ப்யூட்டர் சென்டர்காரர் சொன்னார். வேறு எங்கும் இயற்கைப் புல்லில் இந்த ஆட்டம் கிடையாது என்பதால் கோச்சடைக் கழகம் நடத்துவது எதுவாக இருந்தாலும் அது மாநிலப் போட்டி ஆகிவிடும். கழகத்துக்கும் அவள் தேவைப்பட்டாள். போட்டி செல்லுபடியாக எட்டுப் பேர் ஆட வேண்டும். ஏழு பேர்தான் தேறினார்கள், அதில் மூன்று பேர் செயலாளரின் தங்கை பிள்ளைகள், இன்னும் இரண்டு பேர் மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டவர்கள். போட்டி புதன்கிழமை. விண்ணப்பத்தோடு சர்டிபிகேட்டை ஏற்றக் கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. இவ்வளவு அவகாசம் இருக்கும்போது என்ன கவலை என்று ஒச்சம்மாள் நிம்மதியாகத் தூங்கினாள். விதி பதினான்கைப் பற்றி அவளுக்கு அப்போது தெரியாது.

விதி பதினான்கு இப்படிப் போகிறது: 'சிறப்பு விருந்தினரின் தொடக்கப் பந்து முதல் குழியில் விழுந்த பின்னரே போட்டி தொடங்கியதாகக் கொள்ளப்படும். அதுவரை அப்பந்தை வேறெவரும் தொடலாகாது. தவறிய பந்து தொடக்கக் கோட்டுக்கே திரும்ப வேண்டும்.' சிறப்பு விருந்தினராக வந்தவர் புல்தரை விளையாட்டு வாரியத்தின் தலைவர் சிவபாண்டி. நல்ல மனிதர். நானூறு காரியங்களுக்குமேல் தொடங்கி வைத்தவர். அத்தனையும் ரிப்பனை வெட்டினால் தானாகத் திறந்துகொள்கிற வகையைச் சேர்ந்தவை.

புதன்கிழமை காலை மேடையில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்தார்கள். பிள்ளையாருக்கு அருகம்புல் மாலை வேண்டுமே என்று அப்போதுதான் யாருக்கோ நினைவு வந்தது. பூ கட்டித்தர வந்திருந்த செல்லக்கிளியிடம் செயலாளர், "அருகம்புல்லுக்கு மார்க்கெட்டுக்கா போவாங்க? நம்மகிட்ட ஒம்பது குழிக்கும் இருக்கே" என்றார். செல்லக்கிளிக்கு மேடைக்குப் பக்கத்தில் இருந்த முதல் குழி வசதியாக இருந்தது. புல் கட்டையாக வெட்டியிருந்ததால் மாலைக்கு நீளம் போதவில்லை. கொடியோடு உருவினாள். ஒன்பதாவது குழியில் நின்றிருந்த ஒச்சம்மாள் ஓடி வருவதற்குள், குழிக்கு முன்னால் வலப்பக்கமாக ஒரு சுளகு அகலத்துக்கு மண் தெரிந்தது.

"ஏ செல்லக்கிளி, என்ன காரியம்த்தா பண்ணி வச்சிருக்க?"

"செகரட்டரிதான்க்கா சொன்னாரு. சாமிக்குத்தான. வளராமயா போயிரும்?"

"வளரும். அடுத்த மாசம் வளரும்."

பத்து மணி விழாவுக்குச் சிவபாண்டி பன்னிரண்டே முக்காலுக்கு வந்தார். கொட்டு அடித்தார்கள், சால்வை போர்த்தினார்கள், விஸ்வேஸ்வரன் பேசினார்.

"நம் கழகத்துக்குப் பதினோரு வயது ஆகிறது. இந்தப் பதினோரு ஆண்டுகளில் இந்தப் புல்தரைக்கு ஒரு சிறு கீறல்கூட விழுந்ததில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். காரணம், நாங்கள் யாரையும் இதன்மேல் ஆட விட்டதில்லை. இந்த ஆட்டத்தை வளர்ப்பது ஒன்றே எங்கள் லட்சியம். ஆடுகிறவர்கள் பெருகினால் கூட்டம் சேரும். கூட்டம் சேர்ந்தால் தரம் கெடும். தரம் கெடாமல் பார்த்துக்கொள்ளத்தான் பொறுப்பில் நாங்கள் இருக்கிறோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஒச்சம்மாளும் தட்டினாள். அவளுக்கு அதில் பாதி புரியவில்லை, புரிந்த பாதியைத் தான் தப்பாகப் புரிந்துகொண்டதாக நினைத்தாள்.

பேச்சு முடிந்து, தலைவர் மட்டையை எடுத்து நீட்ட, செயலாளர் பந்தைக் கோட்டில் வைக்க, சிவபாண்டி அடித்தார். பந்து குழியைத் தாண்டி மேடைக்கு அடியில் போய்விட்டது. கைதட்டல். அவரே குனிந்து எடுத்து வந்து மறுபடி அடித்தார். இந்தத் தடவை நேராகத்தான் போனது. குழிக்கு ஒரு முழம் இருக்கையில் மொட்டை மண்ணில் ஏறியதும், எதிரே பங்காளி வருவதைக் கண்டவன் மாதிரி சட்டென்று வலப்பக்கம் ஒதுங்கிப் போய்விட்டது. அதற்கும் கைதட்டல். "அருமையான முயற்சி, குழிதான் தயாராக இல்லை" என்று மைக்கில் சொன்னார்கள். மேலும் பதினோரு தடவை அடித்தார். பதினோரு தடவையும் பந்து ஒதுங்கியது. "என்னப்பா, இது நம்மள மதிக்க மாட்டேங்குது" என்று வேர்வையைத் துடைத்தவர், பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, நாளைக்கு வாரேன் என்று காரில் ஏறினார்.

பந்து கோட்டிலேயே இருந்தது. அதன்மேல் வெயில் படக்கூடாதென்று சாமியானா போட்டார்கள். சுற்றிக் கயிறு கட்டி, பக்கத்தில் காவலுக்கு ஒருவரை உட்கார வைத்தார்கள்.

வியாழக்கிழமை சிவபாண்டி வரவில்லை. பேரையூரில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து, அது போக இரண்டு திறப்பு விழா. அவருக்காக வாங்கிய மாலை வாடிவிடுமே என்று அதைப் பந்துக்கு முன்னால் வைத்தார்கள். அவ்வழியே போன இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள், என்ன சாமி என்றுகூடக் கேட்கவில்லை. சாமியானாவுக்குக் கீழே புல் வெளிற ஆரம்பித்தது. ஒச்சம்மாளுக்கு அதைப் பார்க்கவும் பொறுக்கவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. செயலாளரிடம் போனாள்.

"சார், அவுக வர்ற வரைக்கும் புள்ளைகள ஆட விட்டுருவோமே. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள ஏத்தணும் சார்."

"ஒச்சம்மா, நீ சொல்றது நியாயம்தான். நான் இல்லைங்கல. ஆனா நியாயம் விதியில இல்லையே."

"அப்ப வேற யாரையாச்சும் வச்சுத் தொடங்கலாமே சார். நீங்களே ஒரு அடி அடிச்சா ஆகாதா?"

செயலாளர் பதறிப்போனார். பிறகு, குழந்தைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். "அவரை மாத்தினா அவருக்கு அவமரியாதை. அவமரியாதை ஆச்சுன்னா வாரியம் நம்ம அங்கீகாரத்த எடுத்துரும். அங்கீகாரம் போச்சுன்னா நாங்க கொடுக்கற சர்டிபிகேட் செல்லாது. யோசிச்சுப் பாரு. உன் பொண்ணுக்காகத்தான் நாங்க போட்டிய நடத்தாம இருக்கோம்."

ஒச்சம்மாள் யோசித்துப் பார்த்தாள். அவர் சொன்னதில் ஒரு ஓட்டைகூட இல்லை. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள், பாதி தூரம் வந்த பிறகுதான் எதற்கு நன்றி சொன்னோம் என்று அவளுக்கே ஆத்திரம் வந்தது.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குச் சிவபாண்டி வந்துவிட்டார். முதல் நாளைவிட உற்சாகமாக இருந்தார். ஒரு மணிக்குள் இன்னும் முப்பது அடி அடித்தார். ஒவ்வொன்றும் நேராகப் போய், மொட்டை மண்ணில் ஏறி, வலப்பக்கம் ஒதுங்கியது. கைதட்டுகிறவர்களுக்குக் கை வலித்ததால் முறை வைத்துத் தட்டினார்கள்.

மட்டையைப் பிடித்தபடி ஓரத்தில் நின்ற தமிழ்வாணி அம்மாவின் காதில் சொன்னாள். "இடது பக்கமா ஒரு சாண் தள்ளி அடிச்சாப் போதும்மா. மண்ணுல ஏறாம புல்லு மேலயே போயி விழுந்துரும். ஒரே அடி."

"போயிச் சொல்லேன்த்தா."

"நான் சொன்னாக் கேப்பாகளா?"

யார் சொன்னாலும் கேட்க மாட்டார்கள்தான். ஆனால் மணி ஒன்றாகியிருந்தது. ஒச்சம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றுக்கு அந்தப் பக்கம் போனாள். "ஐயா, அந்த எடத்துல புல்லு இல்லங்கய்யா. பிள்ளையாருக்குப் பிடுங்கிட்டாக. இடது பக்கமா ஒரு சாண் தள்ளி அடிங்கய்யா, விழுந்துரும்."

கொட்டுக்காரர்கூடக் கொட்டுவதை நிறுத்திவிட்டார். சிவபாண்டி, "அப்படியாத்தா?" என்று இடது பக்கமாகத் திரும்பக்கூடச் செய்தார். அதற்குள் விஸ்வேஸ்வரன் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"ஐயா அவர்கள் ஒதுங்கி அடிப்பதா? குழி நேரே இருக்கும்போது சிறப்பு விருந்தினர் வேறு பக்கம் பார்த்து அடித்தார் என்று நாளை வரலாறு எழுத வேண்டுமா? அதோடு, புல் இல்லை என்று இந்த அம்மா சொல்வது சாதாரணப் பேச்சல்ல. இது இயற்கைப் புல்தரைக் கழகம். இங்கே புல் இல்லை என்றால் கழகமே இல்லை என்று பொருள். கழகம் இல்லை என்றால் நான் தலைவன் இல்லை. நான் தலைவனாக இங்கே நிற்கிறேன். ஆகவே புல் இருக்கிறது."

ஆனாலும் விசாரிக்காமல் விட்டார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்று மூன்று பேர் கொண்ட குழு அமைத்தார்கள். குழு அந்த மொட்டை மண்ணின்மேலேயே நின்று கால் மணி நேரம் பேசியது. 'மேற்படி இடத்தில் புல் உள்ளது. தற்போது அது ஓய்வில் உள்ளது' என்று அறிக்கை கொடுத்தது. புல்லைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் புல் இல்லாததைப் பார்த்தது எப்படி என்று விளக்கம் கேட்டு ஒச்சம்மாளுக்கு ஒரு மெமோவும் கொடுத்தார்கள். அவள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மணியைக் கேட்டாள். ஒன்றே முக்கால்.

சாப்பாட்டுக்குப் பிறகு செயலாளருக்கு ஒரு யோசனை பிறந்தது. பந்து குழிக்குப் போகாவிட்டால் என்ன, குழியைப் பந்துக்குக் கொண்டுபோவோம். விதியில் குழி நகரக்கூடாது என்று எங்கேயும் இல்லை. "குழி எங்கே இருக்கிறதோ அதுவே முதல் குழி" என்று தலைவரும் தீர்ப்புச் சொன்னார். குழி வெட்டும் இரும்புக் குழாயை இயக்கத் தெரிந்தவள் அங்கே ஒருத்திதான். மெமோ வாங்கிய கையோடு ஒச்சம்மாள் வந்து, பந்துக்கு எதிரே ஒரு சாண் தூரத்தில் குழி வெட்டினாள். பதினோரு வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்த தரை. குழாயை அழுத்தித் திருகும்போது தரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். மகளுக்காக என்று நினைத்துக்கொண்டு அழுத்தினாள்.

சிவபாண்டி அடித்தார். ஒரு சாண் தூரத்துக்கு இரண்டு நாள் ஆத்திரத்தையும் சேர்த்து அடித்ததில் பந்து குழிக்கு மேலாகப் பறந்தது. இன்னொரு குழி வெட்டச் சொன்னார்கள். அதற்கும் இதற்கும் நடுவில் புகுந்து போனது. இன்னொன்று. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. மூன்றே முக்காலுக்குக் கோட்டைச் சுற்றி ஏழு குழி. சிவபாண்டிக்கு அப்போது யாரிடமிருந்தோ போன் வந்தது. "நேத்து பேரையூர்க் காதுகுத்துல பாதி இலையிலயே எந்திரிச்சு வந்தேன் மாப்ள, இன்னிக்கு இங்க ஒரு பந்தோட சீரழியுறேன்" என்று பேசிக்கொண்டே திரும்பினார். வேட்டிக் கரை பந்தில் பட்டது. பந்து மெல்ல உருண்டு நாலாவது குழிக்குள் விழுந்தது.

வெடி வெடித்தார்கள். கொட்டுக்காரர் மூன்று நாள் கூலிக்கும் சேர்த்து அடித்தார். ஒச்சம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மணி நாலுகூட ஆகவில்லை. ஒன்பது குழிக்கும் சேர்த்துத் தமிழ்வாணிக்குப் பத்து நிமிஷம் போதும். ஆனால் தொடங்கி வைத்தவருக்கு நன்றி சொல்லாமல் எப்படி ஆரம்பிப்பது? தலைவர் நன்றி சொன்னார். செயலாளர் தலைவருக்கு நன்றி சொன்னார். சிவபாண்டி புல்லுக்கு நன்றி சொன்னார். நாலு நாற்பதுக்குத் தமிழ்வாணி பந்தோடு கோட்டில் வந்து நின்றாள். செயலாளர் ஓடி வந்து அவளைத் தடுத்தார்.

"நில்லும்மா. இப்ப இங்க எத்தனை குழி இருக்கு?"

"பதினாறு சார்."

"விதிப்படி ஒன்பது. பதினாறு குழி இருக்கற மைதானத்துல மாநிலப் போட்டி ஆடினா நாளைக்கு யாராவது கோர்ட்டுக்குப் போயிருவாங்க."

ஒச்சம்மாள் நடுவில் வந்தாள். "ஏழையும் மூடிருதேன் சார். ஒரு பத்து நிமிசம் குடுங்க."

"மூடலாம்தான். ஆனா சிறப்பு விருந்தினர் பந்து விழுந்த குழிய மூடினா, அவர் தொடங்கி வச்சது செல்லாமப் போயிருமே. அப்புறம் மறுபடி முதல்லருந்து அவரைக் கூப்பிடணும்." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "கவலைப்படாத. தொடங்கின போட்டிய முடிக்காம விடற வழக்கம் நம்ம கழகத்துக்குக் கிடையாது."

அவர்கள் முடித்துவிட்டார்கள். இந்தப் போட்டியில் பந்தைக் குழியில் விழவைத்தவர் ஒருவரே என்பதால் முதல் இடம் சிவபாண்டிக்கு. மட்டையை எடுத்துக் கொடுத்த வகையில் இரண்டாம் இடம் விஸ்வேஸ்வரனுக்கு. பந்தைக் கோட்டில் வைத்த வகையில் மூன்றாம் இடம் அனந்தபத்மநாபனுக்கு. அச்சடித்துத் தயாராக இருந்த மூன்று சர்டிபிகேட்டிலும் பெயரை நிரப்பி, முத்திரை குத்தி, நாலு ஐம்பத்தேழுக்கு இணையதளத்தில் ஏற்றினார்கள். "அஞ்சு மணிக்குள்ள முடிச்சுட்டோம் பாத்தியா ஒச்சம்மா" என்றார் செயலாளர். அவர் முகத்தில் கள்ளமே இல்லை. அதுதான் ஒச்சம்மாளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. திட்டுவதற்குக்கூட அந்த இடத்தில் ஒரு கெட்டவனும் இல்லை.

கழுத்து நிறைய மாலையோடு காருக்குப் போன சிவபாண்டி, மட்டையைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்த தமிழ்வாணியைப் பார்த்துவிட்டு நின்றார். "பாப்பா யாரு?"

"புல்லுக்கார அம்மா பொண்ணு ஐயா. விவசாயம் படிக்கணும்னு ஆசையாம்" என்றார் செயலாளர்.

"விவசாயத்துக்கு எதுக்குத்தா காலேஜு? இம்புட்டுப் புல்லு இங்கயே கெடக்கு." தன் சால்வை ஒன்றைக் கழற்றி அவள் தோளில் போட்டார். "ஏப்பா, புள்ளைக்கு ஒரு வேலையப் போட்டுக் குடுங்க. அம்மாளும் மகளும் ஒரே எடத்துல இருந்துட்டுப் போகட்டும்."

இதற்கு விதி எதுவும் குறுக்கே வரவில்லை. குழு கூட வேண்டியிருக்கவில்லை, யாரும் தொடங்கி வைக்கவும் வேண்டியிருக்கவில்லை. மேடை மேசைமேலேயே தாளை வைத்து 'புல் பராமரிப்பு உதவியாளர்' என்று எழுதி, தலைவர் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து முடிக்க இரண்டு நிமிஷம் ஆனது. எல்லோரும் கைதட்டினார்கள். ஒச்சம்மாளின் கை தன்னால் கும்பிட்டது. கும்பிட்ட கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது அவளுக்கு.

"இன்னிக்கே ஜாயின் பண்ணினதா போட்டுருக்கேன்" என்றார் செயலாளர். "ஐயா குழிய மட்டும் விட்டுட்டு மத்த ஆறையும் மூடிருங்க."

கார்கள் போய்விட்டன. தமிழ்வாணி சால்வையை மடித்து மேடையில் வைத்தாள். மூட வேண்டிய ஆறு குழியில் ஒன்றுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளி அழுத்த ஆரம்பித்தாள். இந்த வேலையில் ஒரு வார்த்தைகூட மகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை என்று ஒச்சம்மாள் பதினோரு வருஷம் வைராக்கியமாக இருந்தவள். இப்போது அவளைப் பார்க்கச் சகிக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்படி அழுத்தாதத்தா" என்றாள். "வேரு எறங்காது."